செல்லத்தாயிடம் பதினோரு முறை

கதை எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு, சார். நல்ல வாக்கியம் கிடைக்காவிட்டால் அவர்களே இட்டுக்கட்டிக்கொள்ளலாம். எனக்கு அந்த வசதி இல்லை. நான் எழுதுவது நிஜ மனிதர்களின் வாழ்க்கை. பதிவில் இல்லாத ஒரு சொல்லைக்கூட அவர்கள் வாயில் திணிக்க மாட்டேன். இருபது வருடமாக அதுதான் என் ஒழுக்கம்.

ராஜபாளையத்து மில் தொழிலாளர்களைப் பற்றிய புத்தகத்துக்காகத்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் செல்லத்தாயம்மாவைப் பார்க்கப் போனேன். நூற்பு மில்லில் முப்பது வருடம் நின்றவர். பக்கவாதம் வந்தபின் பழையதெல்லாம் நினைவிருந்தது. காலையில் சொன்னது மாலையில் நிற்காது. மகன் கௌதம்ராஜ் சேத்தூர் பக்கம் பைக் விபத்தில் இறந்து மூன்று வருடம். அதுவும் அவருக்குள் தங்கவில்லை.

"அண்ணன் பேச்சு வந்தா, கோயம்புத்தூர்ல இருக்கான், ஆடித் தேருக்கு வாரான்னு சொல்லிருங்க சார். நாங்க அப்படித்தான் ஓட்டுறோம்" என்று மகள் மாரீஸ்வரி முதலிலேயே சொல்லியிருந்தாள்.

முதல் நாள், போனில் பதிவை நிறுத்திவிட்டுக் கிளம்பும்போது மகன் இறந்ததை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அந்த அம்மா சொன்னார்: "முப்பது வருசமா எங்க நூல் அந்துபோனாலும் ஓடிப்போயி ஒட்டுனேனே சார். எம்புள்ள போனது மட்டும் எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

மில் வாழ்க்கையைப் பற்றி அதைவிட நல்ல வாக்கியம் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் பதிவில் இல்லை.

அடுத்த வாரம், மாரீஸ்வரி துணிக்கடை வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துப் போனேன். செல்லத்தாயம்மா மகனின் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். பதிவை ஓடவிட்டு, அவன் இறந்துவிட்டான் என்று சொன்னேன். அழுதார். அந்த வாக்கியம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் சொன்னேன். ஒருநாள் நான் புளுகுவதாகச் சண்டை பிடித்தார். இன்னொரு நாள் என்னையே தேற்றினார். "நீங்க அவன் சேக்காளியா? ஒங்களுக்கும் கஷ்டமாத்தான இருக்கும். சாப்பிட்டியளா?" அன்று எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஒவ்வொரு முறையும் அவருக்கு அதுதான் முதல் முறை. மறந்துவிடுகிறவர்தானே, நான் கிளம்பியதும் துக்கமும் கிளம்பிவிடும் என்று நினைத்தேன்.

பதினோராவது முறை அவர் அழவில்லை. "சரி, அப்ப நானும் வாரேன்" என்று சுவரில் சாய்ந்தார். பதிவு ஓடுகிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். ஓடியது. என் போனை வாங்கி வைத்திருக்கிற நீங்களும் கேட்டிருப்பீர்கள். அவர் கடைசி மூச்சை இழுக்கும்போது நடுவில் வருவது என் குரல்தான்: "இன்னொருக்கச் சொல்லுங்கம்மா." பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டது அதற்குப் பிறகு.

அந்த அம்மாவையும் யாராவது நினைவில் வைக்க வேண்டாமா? பெரிய மனிதர்களுக்கு ஊரெல்லாம் சிலை இருக்கிறது. செல்லத்தாய்களுக்கு என்னைப்போல ஒருவன்தான் இருக்கிறான். மாரீஸ்வரிக்கு இது புரியும்.

இதையும் சொல்லிவிடுகிறேன். நாலாவது முறைக்குப் பிறகு அவள் எனக்குப் போன் செய்தாள். "அம்மா என்னன்னே தெரியாம அழுதுக்கிட்டே கெடக்கு சார். சோறு எறங்க மாட்டேங்குது. ஏன் அழுகுறன்னு கேட்டா, தெரியலங்குது. நீங்க வந்து பேசுனா ஆறுதலா இருக்கும். அடிக்கடி வந்துட்டுப் போங்க சார்."

வருகிறேன் என்றேன். அதன்பிறகு ஏழு முறை போய்ச் சொன்னேன்.