ரெண்டாவது வரி

...இல்ல அத்தான், கண்ண மூடாதீங்க. பழகின வேலையப் பத்திப் பேசிக்கிட்டே இருந்தா நினைவு தெளியும்னு டாக்டர் சொல்லிருக்காரு. அக்காவும், உன் ஆபீஸ் பேச்சுன்னாதான்டா அவரு காது குடுப்பாருன்னு என்னை உள்ள அனுப்பிட்டா. இருங்க, வாய் ஓரம் வழியுது, தொடச்சு விடுறேன்.

ம், எங்க விட்டேன்? ஃபான்ட் சர்வர். நம்ம அச்சகத்துல இருபது யூனிக்ஸ் கம்ப்யூட்டர் மெஷின். எழுத்தெல்லாம் உங்க மெஷின்லேருந்துதான் போகும். எழுத்த எங்க தேடணும்னு சொல்ல ஒரு ஃபைல். மொத வரி, உங்க சர்வர். ரெண்டாவது வரி, அந்தந்த மெஷின்லயே ஒரு ஃபோல்டர். எழுத்தே கெடைக்கலன்னா ஸ்கிரீன் எந்திரிக்காது; சர்வர் படுத்தாலும் ஸ்கிரீனாவது வரணும்ல? அந்த ஃபைல உங்க மெஷின்ல திருத்துனா போதும், இருபதுக்கும் போயிரும். மூளை அத்தான் உங்களுக்கு.

எனக்குத்தான் இது ஏற மூணு மாசம் ஆச்சு. மொத நாளே எல்லார் முன்னாடியும், இவன் என் பொண்டாட்டி தம்பி, மண்டைல களிமண்ணு, பாத்து வேல குடுங்கன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேந்து சிரிச்சேன். மறக்கல அத்தான்.

என்ன முனகுறீங்க? அந்தத் திங்கக்கிழமையா? பெரிய ஆர்டர் குடுக்குற பார்ட்டி, அவங்க புத்தகப் பக்கத்த ஸ்கிரீன்ல பாக்க வந்து நிக்குறாங்க, இருபது ஸ்கிரீனும் கறுப்பு. சர்வர் நின்னு கெடக்கு, ரெண்டாவது வரியக் காணோம், யாரு மாத்துனாங்கன்னு பதியுற லாக்ல உங்க பேரு. நீங்க சரி பண்றதுக்குள்ள அவங்க எந்திரிச்சுப் போயிட்டாங்க. முதலாளி வெளிய போய்யான்னாரு. நீங்களும், என் கைதான் தெரியாம அழிச்சிருக்கும் சார்னு தலையக் குனிஞ்சுக்கிட்டீங்க. அன்னிக்கு ராத்திரிக்குள்ள பக்கவாதம் வந்து அந்தக் கையும் போச்சு, பேச்சும் போச்சு.

உங்க கை இல்ல அத்தான். சனிக்கிழம எல்லாரும் மெஷின அணைச்சுட்டுக் கெளம்புனப்புறம், நீங்க லாக்-அவுட் பண்ணாம டீ குடிக்கப் போனீங்கல்ல? உங்க சீட்ல உக்காந்து அந்த ரெண்டாவது வரியத் தூக்கிட்டு, சர்வரையும் நிறுத்திட்டேன். ரெண்டு நிமிஷ வேல.

அட, அழாதீங்க. அக்கா பாத்தா உணர்ச்சி வந்துருச்சுன்னு சந்தோஷப்படுவா. இடது கையால என்ன தேடுறீங்க... ஓ, அந்தப் பலகையா? எழுத்த ஒவ்வொண்ணாத் தொட்டுக் காட்டிப் பேசலாம்னு ஆஸ்பத்திரில சொன்னாங்களே, அதானே? எங்கிட்டதான் குடுத்து விட்டாங்க. அத்தானுக்கு எழுத்தே அடையாளம் தெரியலன்னு சொல்லி நேத்தே திருப்பிக் குடுத்துட்டேன்.