பன்னிக்கொட்டாய் நிலத்துக்கு ஒரு ஓட்டு

...சட்டசபையில அவங்களுக்கு நாலு இடம், நமக்கு மூணா? எந்த ஊரு நியாயங்க இது? மன்ரோவியாக்காரன் என்ன வானத்துலேர்ந்தா குதிச்சான்? உக்காருங்க கில்பர்ட் ஐயா, மழை விடட்டும். அந்தப் பீப்பா மேலயே உக்காருங்க, நான் செஞ்சதுதான், ஒடையாது. நீங்க ஓட்டுக் கேட்டு வந்திருக்கீங்க, தெரியும். கேளுங்க, வேணாங்கல. அதுக்கு முன்னால என் வயித்தெரிச்சலக் கேட்டுருங்க.

நம்ம பாஸா சீமையிலேர்ந்து நாலு பேர மன்ரோவியாவுக்கு அனுப்பினோம்ல, லைபீரியாவ குடியரசாக்கிச் சட்டம் எழுதுங்கன்னு? மன்ரோவியாவுக்கு எத்தனை இடமோ நமக்கும் அத்தனைன்னு படிச்சுப் படிச்சு சொல்லி அனுப்பினோம். திரும்பி வந்து, அங்க தலை ஜாஸ்தி லெமுவேல்னு என்கிட்டயே சொல்றாங்க. தலைதான் கணக்குன்னா ஆத்துக்கு மேல ஊர் ஊரா இந்த மண்ணுக்காரங்க இருக்காங்களே, நாம அமெரிக்காவுலேர்ந்து கப்பல்ல வந்து எறங்குறதுக்கு முன்னாலேர்ந்து, அவங்களையும் சேத்து எண்ண வேண்டியதுதானேன்னேன். எண்ணினா அவங்களும் நாற்காலி கேப்பாங்களேன்னு டார்கஸ் சொன்னா. டார்கஸ் என் வீட்டுக்காரி. இப்பிடித்தான், கொழம்பக் கிண்டிக்கிட்டே ஒண்ணக் கேட்டுட்டு அவ பாட்டுக்குப் போயிருவா. நானும் அந்தப் பேச்ச அதோட விட்டுட்டேன்.

அந்த நாலு பேரும் கெளம்புறதுக்கு முன்னால எடினா ஊர் சர்ச்சுல கூட்டம் போட்டாங்க பாருங்க, அன்னிக்கு நான் பேசின பேச்சு இருக்கே... நீங்க வரல, குடுத்து வைக்கல. ரெண்டே விஷயம் சொன்னேன். ஒண்ணு, அனுப்பினவன் என்ன சொன்னானோ அத மட்டும் போய்ச் சொல்லணும், சொந்த புத்தியெல்லாம் காட்டக் கூடாது. ரெண்டாவது, நிலம் இருக்கறவனுக்குத்தான் ஓட்டு. ஊர் சுத்துறவன், ஒரு மொளகாச் செடிக்குக்கூட எடம் இல்லாதவன், அவனெல்லாம் எதுக்கு ஓட்டுப் போடணும்? கை தட்டுனாங்க பாருங்க! மொத விஷயத்த மறந்துட்டாங்க படுபாவிங்க. ரெண்டாவத மட்டும் சட்டத்துல சேத்துட்டாங்க.

அங்கதாங்க வந்துச்சு வெனை.

அப்ப எங்கிட்ட நிலம் இல்ல. சிரிக்காதீங்க. இருந்துச்சு, பத்து ஏக்கர், மரவள்ளி, காப்பிச் செடி எல்லாம். மழை முடிஞ்சா நிலம் வச்சிருக்கறவனெல்லாம் கத்தியத் தூக்கிட்டு வந்து ஊர்ப்பாதை வெட்டணும்னு நம்மூர்ல ஒரு கட்டளை இருக்குல்ல? வேலை செய்யுறதுல எனக்கு ஒண்ணும் இல்லங்க. இடுப்புதான் ஒத்துழைக்காது. பொம்பளையப் பாதை வெட்டக் கூப்பிட மாட்டாங்களேன்னு மொத்தத்தையும் டார்கஸ் பேருக்கு எழுதிட்டேன். மூணு வருஷமா மகராசனாட்டம் படுத்துக் கெடந்தேன். சட்டம் வந்ததும் என்னாச்சு? நிலம் இருக்கறவ பொம்பள, அவளுக்கு ஓட்டு கெடையாது. நான் ஆம்பள, எனக்கு நிலம் கெடையாது. வீட்டுல ரெண்டு பேர் இருந்தும் அரை ஓட்டுக்கு வழியில்ல. பொண்டாட்டி சொத்துல புருசன் கை வைக்கக் கூடாதுன்னு வேற எழுதி வச்சிருக்காங்க, அதே சட்டத்துல.

ஐயா, வெளையாட்டுக்குச் சொல்லல. வர்ஜீனியாவுல என்னைய அடிமையா வித்தாங்க, வாங்கினாங்க, திரும்ப வித்தாங்க. உனக்கு சம்மதமான்னு ஒருத்தன், ஒரு தடவ கேட்டதில்ல. என்னையும் எவனாவது கேக்கணும்னுதான் கடல் தாண்டி வந்தேன். கேக்குற நேரத்துல நான் வாசலுக்கு வெளிய நின்னேன்.

வெக்கத்த விட்டு அவகிட்ட போனேன். கொஞ்சமாச்சும் திருப்பி எழுதிக் குடு டார்கஸ், தேர்தல் வருதுன்னேன். மரவள்ளிய இடிச்சுக்கிட்டே யோசிச்சா. பன்னிக்கொட்டாய் இருக்கே, அந்த மூலைய எழுதித் தர்றேன்னா. பன்னிக்கொட்டாயும் நிலம்தானேன்னு வாயெல்லாம் பல்லா நின்னேன். ஆனா ஓட்டு நான் சொல்ற ஆளுக்குத்தான் விழணும்னா.

அதெப்படி, என் ஓட்டு என் இஷ்டம்னு எகிறினேன். அவ உலக்கையக் கீழ வச்சா.

"உனக்கு வாசல் தொறந்து விடுறது என் நிலம். நான்தான் உன்ன அனுப்புறேன். அனுப்பினவங்க சொன்னதத்தான் சொல்லணும், சொந்த புத்தி காட்டக் கூடாதுன்னு சர்ச்சுல தொண்ட கிழியக் கத்தினது யாரு?"

அதோட நிறுத்தினாளா? அவ விடலையே.

"நானும் அதே கப்பல்லதான் வந்தேன், லெமுவேல். என்னையும்தான் வித்தாங்க. என்னைய யாரு கேட்டா?"

இதுக்கு நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க? நேத்துதான் எழுதிக் குடுத்தா. வாங்கிக்கிட்டேன், சரின்னும் சொல்லிட்டேன். ஆனா யாருக்குப் போடணும்னு இன்னும் வாயத் தொறக்க மாட்டேங்கிறா. யோசிக்கிறாளாம்.

அட, என்ன எந்திரிச்சிட்டீங்க? மழை விடலயே. ஐயா, வாசல் இந்தப் பக்கம், அது அடுக்களைக்குப் போற வழி... நீங்க ஓட்டுக் கேட்டு வந்தது என்கிட்டங்க!

சரி, போறதுதான் போறீங்க, நான் யாருக்குப் போடப் போறேன்னு அவகிட்டக் கொஞ்சம் கேட்டுட்டு வந்து எனக்கும் சொல்லுங்க.