வெளுக்காத வட்டம்

வெளிய எடுங்க வெண்ட்லரம்மா. கோட்டுக்குள்ளயே வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா நான் எப்படிப் பிரிக்கிறது? கதவு சாத்தித்தான் இருக்கு. எம்பொண்ணு லேனே ரொட்டிக் கடை வரிசையில நிக்கப் போயிருக்கா, இப்போதைக்கு வரமாட்டா. நம்ம ரெண்டு பேருதான்.

அட, இதுல என்ன இருக்கு? காலையில இருந்து இந்தக் கதவத் தட்டினவங்க எல்லாருமே ஒளிச்சுத்தான் கொண்டுவந்தாங்க. மூணாம் மாடி பல் டாக்டர் சம்சாரம் தலையணை உறைக்குள்ள திணிச்சு எடுத்துட்டு வந்துச்சு. எங்க மாமியார் வாங்கினது, ஹெல்மா, பரண்ல கெடந்துச்சு, எங்களுக்கே தெரியாதுன்னு சொல்லுது. இந்தக் கட்டடத்துல செத்துப்போன மாமியாருங்க எல்லாரும் ஆளுக்கொரு கொடி வாங்கி வெச்சுட்டுத்தான் செத்திருக்காங்க போலிருக்கு. சிரிங்க, பரவால்ல. நானும் சிரிச்சேன், அந்தம்மா போனப்புறம்.

ஆமா ஆமா, நம்ம கட்டடத்துப் பொறுப்பாளர் ராபே என்கிட்டயும் வந்து கத்திட்டுத்தான் போனாரு. நாளைக்கு மே தினம், தெருப்பக்கத்து ஜன்னல் ஒவ்வொண்ணுலயும் சிவப்புக்கொடி தொங்கணும், ருஷ்யாக்காரங்க கமாண்டர் ஜீப்புல வருவாரு, ஒரு ஜன்னல் மொட்டையா இருந்தாலும் கட்டடத்துக்கே கெட்ட பேருன்னு. போன வருஷம் சரணடைஞ்சப்ப இதே ஜன்னல்ல வெள்ளை விரிப்பத் தொங்கவிடுன்னு கத்தினதும் அவருதான். அதுக்கு முன்னாடி இந்த நாசிக் கொடியக் கட்டலேன்னா பேரெழுதிக் குடுத்துருவேன்னு மிரட்டினதும் அவருதான். தொண்டை மட்டும் மாறவே இல்ல மனுஷனுக்கு.

கடையில சிவப்புத் துணி எங்க இருக்கு? கறுப்பு நூல் கெடைக்கிறதே பெரும்பாடு. அதனாலதான் எல்லாரும் இதத் தூக்கிக்கிட்டு ஓடி வர்றாங்க. அடுப்புல போட்டு எரிச்சுட்டோம்னு ஊரெல்லாம் சொன்னவங்கதான். நடுவுல இருக்குற வெள்ளை வட்டத்தையும் அதுமேல இருக்குற கோணல் சிலுவையையும் பிரிச்சு எடுத்துட்டா மிச்சம் சிவப்புதானேன்னு நெனப்பு. பிரிச்சாத்தானே தெரியுது. வெளிய இருந்த துணி வெயில்லயும் மழையிலயும் வெளுத்துக் கெடக்கும். வட்டத்துக்கு அடியில இருந்தது மட்டும் கடையில வாங்கின அன்னிக்கு இருந்த மாதிரியே பளிச்சுன்னு இருக்கும். சோடா போட்டுக் கொதிக்க வெச்சுப் பாத்தேன், போகல. யார் யாரு எவ்வளவு ஆசையா கட்டினாங்கன்னு அந்த வட்டத்தப் பாத்தாலே தெரிஞ்சிடும். பல் டாக்டர் வீட்டுது அப்படியே சூரியன் மாதிரி இருந்துச்சு. மாமியார் பாவம்.

எனக்கா? எனக்குக் கொடி ஏது? எல்லார் வீட்டுலயும் பிரிக்க ஒண்ணு இருக்கு, என்கிட்ட அதுவும் இல்ல. எங்க வீட்டுக்காரரு ஓஸ்வின சிவப்புக்கொடி புடிச்சதுக்காகவே நாசிக்காரங்க இழுத்துட்டுப் போனாங்க, போனவரு வரவே இல்ல. நாளைக்கு அவரு சம்சாரத்தோட ஜன்னல் மட்டும் வெறுமனே இருந்தா நல்லாவா இருக்கும்? கட்சிக்காரங்க வந்து தோழர் ஹெல்மா, நீங்க முன்வரிசையில நிக்கணும்னு வேற சொல்லிட்டுப் போயிருக்காங்க. அதான் ஒரு வேலை பண்ணினேன். ஒவ்வொருத்தர் கொடியிலயும் ஓரம் கிழிஞ்ச இடத்தக் கத்தரிச்சேன் இல்ல, அந்தத் துண்டையெல்லாம் ஒட்டுப்போட்டு ஒண்ணு தெச்சு வெச்சிருக்கேன். அதோ, கதவுக்குப் பின்னாடி மாட்டியிருக்கு பாருங்க. ஏழு விதமான சிவப்பு. ஆனா வட்டம் இல்ல.

குடுங்க இப்படி. ம்... நல்ல கனமான துணி. இந்த மாதிரி இப்ப வராது.

இல்ல இல்ல, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். மாமியார் கதையெல்லாம் நீங்க சொல்லமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். உங்க வீட்டுக்காரரு ருஷ்யாவுல கைதியா இருக்காரு, நாளைக்குக் கொடி கட்டலேன்னா அவரு வர்றது தள்ளிப்போயிடுமோன்னு உங்களுக்குப் பயம். அந்தப் பயம் எனக்குத் தெரியாதா? அதே பயத்தோட நானும்தான் அந்த ஜன்னல்கிட்ட நின்னிருக்கேன்.

கத்தரிக்கோல எடுக்குறேன். கொஞ்சம் தள்ளி உக்காருங்க, வெளிச்சம் வரட்டும்.

இந்தத் தையல் நெருக்கமா இருக்கு பாருங்க. பிரிக்கவே கஷ்டமா இருக்கு. மத்தவங்களுது எல்லாம் மிஷின்ல ஓட்டினது, இழுத்தா வந்துடுச்சு. இது கையில தெச்சது. என்னோட தையல்தான். மறந்துட்டீங்களா? கொடி கட்டியே ஆகணும்னு கெடுபிடி வந்தப்ப நீங்கதான் ஒரு சாயங்காலம் இதே மாதிரி கோட்டுக்குள்ள வெச்சு எடுத்துட்டு வந்தீங்க. அப்பல்லாம் என் வீட்டுப் படியில யாரும் கால் வைக்க மாட்டாங்க. ஓஸ்வினப் புடிச்சுட்டுப் போனதுல இருந்து ஒரு பட்டன் தெக்கக் கூட யாரும் வந்தது கெடையாது. லேனே பசியில சுவத்தச் சொரண்டித் தின்னுக்கிட்டு இருந்தா. நீங்க ஒரு ரொட்டியும் ஒரு பாட்டில் பிளம்ஸ் ஜாமும் மேஜை மேல வெச்சீங்க. துணியையும் வெச்சீங்க, வட்டத்தையும் வெச்சீங்க. என் மூஞ்சியப் பாக்கல.

அழாதீங்க வெண்ட்லரம்மா. சொல்லி முடிச்சுடறேன்.

இங்க, இந்த ஓரத்தப் பாருங்க. பச்சை நூல். சிவப்புத் துணிக்கு எவளாவது பச்சை நூல் போடுவாளா? நான் போட்டேன். ஓஸ்வின் மறுநாள் ஊர்வலத்துக்கு வேணும்னு நின்னாரு, சிவப்பு நூல் தீர்ந்துபோச்சு. யாரு பாக்கப் போறான்னு இதால மடிச்சு அடிச்சேன். அவரப் புடிக்க வந்தவங்க அலமாரியக் கொட்டிப் பொஸ்தகத்தையெல்லாம் முற்றத்துல வீசினப்ப இதையும் வீசினாங்க. காலையில போயிப் பாத்தேன், பொஸ்தகம் சாம்பலாக் கெடந்துச்சு. இதையும் சேத்துத்தான் எரிச்சிருப்பாங்கன்னு நெனச்சேன். நீங்க எடுத்து வெச்சிருப்பீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?

அன்னிக்கு நீங்க துணிய விரிச்ச ஒடனே பச்சை நூலப் பாத்துட்டேன். நான் பாத்தத நீங்களும் பாத்தீங்க. லேனே ஜாம் பாட்டிலயே பாத்துக்கிட்டு நின்னா. நான் ஊசிய எடுத்தேன்.

உங்களக் குத்தம் சொல்ல நான் இதெல்லாம் பேசல. நீங்க வந்தப்புறம்தான் மத்தவங்களும் தைக்கக் குடுக்க ஆரம்பிச்சாங்க. அதனாலதான் நாங்க செத்துப்போகாம இருந்தோம். அது உங்களுக்கும் தெரியும்.

நான் சொல்ல வந்தது வேற. வெக்கக்கேடு, எம்பொண்ணுகிட்ட கூட சொன்னதில்ல. உங்க ஜன்னல் என் ஜன்னலுக்கு நேர் மேல. நீங்க கொடி கட்டினா அதோட நுனி என் கண்ணாடியில வந்து வந்து படும். வருஷா வருஷம் ஏப்ரல் மாசம் அந்த நாசித் தலைவனோட பொறந்தநாளுக்குக் கட்டாயமா கட்டுவீங்க. நான் அந்த நாளுக்காகக் காத்துக்கிட்டு இருப்பேன். ஊர்ல உள்ள நாசிக்காரன் கூட அப்படிக் காத்திருந்திருக்க மாட்டான். ஜன்னலத் தொறந்து, யாரும் பாக்காத மாதிரி கைய நீட்டி அந்தப் பச்சை நூல் ஓரத்தப் புடிச்சுக்குவேன். தெருவுல பேண்டு வாத்தியம் போகும், எல்லாரும் கைய நீட்டி நாசி வணக்கம் சொல்லிக் கத்துவாங்க. கீழ இருந்து பாத்தவங்களுக்கு நானும் கைய நீட்டுற மாதிரித்தான் தெரிஞ்சிருக்கும். ராபே ஒரு தரம் தட்டிக்கூட குடுத்தாரு. திருந்திட்டே ஹெல்மான்னு.

வந்துடுச்சு. கடைசித் தையல். பாருங்க, எப்படி இருக்கு. ஓஸ்வின் தோள்ல போட்டுக்கிட்டுப் போன அன்னிக்கு இருந்த அதே நெறம், இந்த வட்டத்துக்குள்ள மட்டும். நான் தெச்ச வட்டம்தான் அத மூடி வெச்சிருக்கு.

இருங்க, கூலியாக் கொண்டுவந்த உருளைக்கெழங்கையும் எடுத்துட்டுப் போங்க. இதுக்குக் கூலி வேண்டாம். கதவுக்குப் பின்னாடி இருக்குற ஒட்டுக்கொடிய எடுத்துக்கங்க, நாளைக்கு நீங்க அதக் கட்டுங்க. உங்க வீட்டுக்காரரு பேருக்கு ஒரு கெடுதலும் வராது, அதுல வட்டம் இல்ல.

இது இங்க இருக்கட்டும். என் ஜன்னல்ல நான் கட்டிக்கிறேன்.

பாப்பாங்கதான். பாத்துட்டு, ஓஸ்வின் பொண்டாட்டி வீட்டுக் கொடியிலயும் வட்டம் இருக்கேன்னு சொல்லுவாங்கதான். சொல்லட்டும் வெண்ட்லரம்மா. தெச்சவ நான்தானே.