சீட்டுக்கடியில் ஒரு வண்டு

மார்த்தாண்டத்திலிருந்து திருவட்டாறு போகும் பஸ், சாயங்காலச் சாரல். எனக்கு முன்சீட்டில் ஒரு புருசனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். அவர்களுடைய கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறதாம். அவள் கம்பியில் தலை சாய்த்து, கண்ணை மூடியிருந்தாள்.

"கார் ஸ்டார்ட் ஆவாத அன்னைக்கே, எனக்க சீட்டுக்கடியில வண்டு பாடல்லன்னு சொன்னேம்லா?"

"நீ ஒறக்கத்துல ஏதோ உளறுகேன்னு நெனச்சேன்."

"நெனச்சு, பேட்டரிய மாத்தினீங்க. ஸ்பார்க் பிளக்க மாத்தினீங்க. இப்ப மெக்கானிக் என்ன சொன்னாரு?"

"ஃபியூயல் பம்பு போச்சாம். பின்சீட்டுக்கு அடியிலதான் டேங்கு, அதுக்குள்ள பம்பு. சாவியத் திருப்பின ஒடனே ரெண்டு செகண்டு மெள்ள இரையுமாம். மீட்டர் வெச்சுப் பாத்தான், எஞ்சினுக்கு பெட்ரோல் பிரஷரே வரல்ல."

"கார் வாங்கின நாள்லேருந்து கேக்கேன். அது இரையும், பொறவு நீங்க ஸ்டார்ட் பண்ணுவீங்க, நான் கண்ண மூடுவேன்."

ரப்பர் மரங்கள் மழைக்குள் பின்னால் போய்க்கொண்டே இருந்தன. அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"எப்பவும் முன்னால இருக்க எனக்க அம்மை இனி பின்னால இருக்கட்டும். நீ முன்சீட்டுல எனக்க பக்கத்துல இரி."

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"வேண்டாம். அங்க ஒண்ணும் கேக்காது."