டோர்ஃபின் கால்ல இருந்தது எம்.எஸ். இல்லையாம்

– ...இல்ல இல்ல, படக விக்கற பத்திரத்துல கையெழுத்துப் போடாத! பேனாவக் கீழ வை டோர்ஃபின். சிகுர்ட் வந்து உன் படக எடுத்துட்டுப் போக இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. மொதல்ல நான் சொல்றதக் கேளு!

– மூச்சு விடு இங்கா. துறைமுகத்துலேர்ந்து ஓடியா வந்த?

– எதிர்க்காத்துல ஓடி வந்தேன்! டாக்டரம்மா போன் பண்ணாங்க. திங்கக்கிழமை உனக்கு ரத்தம் எடுத்தாங்கல்ல? உன் தசை கரையுதாம்! கரைஞ்சா ரத்தத்துல ஏதோ ஏறுமாம், அது பத்து மடங்கு ஏறிக் கெடக்குதாம்!

– புருஷன் கரையறான்னு இப்படிக் குதிக்கிற ஒரே பொண்டாட்டி நீதான்டி.

– ஐயோ மண்டு! எம்.எஸ். நரம்பு நோய், நரம்பத்தான் பிடிக்கும். தசைய இப்படிக் கரைக்காதாம். அப்போ உன் கால் விழுந்ததுக்கு வேற காரணம், புரியுதா?

– இந்த ஆர்க்னித் தீவுல நண்டு பக்கவாட்டுல நடந்தாக்கூட எம்.எஸ்.னுதான் சொல்லுவாங்க. தெருவுக்கு ரெண்டு பேருக்கு இருக்கு. எனக்கே ஆறு வருஷமா இருக்கு. கால் தள்ளாடினா வேற எத நெனைக்கறது?

– அதான், அதேதான்! நீ நெனச்ச, நான் நெனச்சேன், ஊரே நெனச்சுது. படகக் கைவிடற அளவுக்கு நெனச்சோம்! கேளு கேளு, டாக்டரம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. எம்.எஸ். மாத்திரையோட வேற ஏதாவது மாத்திரை போடறாரான்னு. இல்லவே இல்லன்னு அடிச்சுச் சொல்லிட்டேன்... ஏன் ஜன்னலப் பாக்குற?

– கடல் எப்படி இருக்குன்னு பாத்தேன்.

– டோர்ஃபின்!

– ...கொழுப்பு மாத்திரை.

– உனக்கேது கொழுப்பு? விலா எலும்ப எண்ணிடலாம்!

– அப்பாவோடது. அவருக்கு வேற மாத்திரை மாத்திக் குடுத்தப்போ டப்பா டப்பாவா மிஞ்சிச்சு. கொழுப்பு மாத்திரை எம்.எஸ்.ஸுக்கும் உதவுமான்னு ஆராய்ச்சி பண்றாங்கன்னு பேப்பர்ல வந்துது. நமக்குக் கெடைக்கற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்னு, வசந்தத்துலேர்ந்து தெனம் ஒண்ணு.

– அப்பா போட்ட அதே அளவா? அம்மாடி! டாக்டரம்மா சந்தேகப்பட்டதே அதத்தான்! உன் எம்.எஸ். மாத்திரை கொழுப்பு மாத்திரைய ஒடம்புலேர்ந்து சட்டுனு வெளிய போக விடாதாம். அது ஏறி ஏறி தசையக் கரைச்சிரும்னாங்க. தொடை வலி, சிறுநீர் டீ கலர்ல... உனக்கு இருந்துதா?

– இருந்துது. சொன்னா நீ பயப்படுவன்னு...

– உன்ன நான் அப்புறமா கொல்றேன். இப்போ சட்டையப் போடு, வண்டி வெளிய நிக்குது. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வரணுமாம், சிறுநீரகத்தப் பாக்கணுமாம். ஆனா அந்த மாத்திரைய நிறுத்தினா, பெரும்பாலும் கால் தேறிடும்னாங்க டோர்ஃபின், தேறிடும்! மறுபடி கூண்டு போட்டு சிங்கி இறால் பிடிக்கப் போவ!

– சிகுர்ட்டுக்கு என்ன சொல்றது?

– வேற படகு பாத்துக்கச் சொல்லு! ஏன்டா இன்னும் உக்காந்திருக்க?

– இங்கா... என் தங்கச்சி மெரன் இருக்காளே. அவளுக்கும் எம்.எஸ்., அவளும் போடறது என்னோட அதே எம்.எஸ். மாத்திரைதான். அப்பாவோட கொழுப்பு மாத்திரைல பாதிய அவளுக்குக் குடுத்தேன்.

– மெரனுக்கா? நேத்து சக்கர நாற்காலி வந்து இறங்குனதும் கதவச் சாத்திட்டு அழுதாளே, அந்த மெரனுக்கா? டேய், அப்போ அவ காலும்... போன எடு, எடு! அவளும் எழுந்து நடப்பால்ல? நீ என்ன நெனைக்கற?