சுத்த வெள்ளை

வெள்ளை நாயை மழைக்காலத்தில் வெள்ளையாகவே வைத்திருப்பது பெரும்பாடு, ஐயா. செஞ்சிச் சேறு லேசில் போகாது. என் மல்லாட்டை மண்டிக்குக் கடலை போட வருகிறவர்கள் மூட்டையைப் பார்க்கும் முன் நாயைத்தான் பார்ப்பார்கள். ராஜபாளையத்திலிருந்து நானே கொண்டுவந்த ஜோடி. ரோஜா நிற மூக்கு, உடம்பில் ஒரு புள்ளி கிடையாது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. எனக்கு அந்த ஜோடி போட்ட குட்டிகள்.

அந்த வெள்ளை கலையக் கூடாதென்று வெளி நாயைச் சேர்க்கவே இல்லை. அண்ணனுக்குத் தங்கை, அம்மாவுக்கு மகன். புள்ளியோடு பிறந்த குட்டிகளைக் கண் திறக்கும் முன்பே சாக்கில் கட்டிக் கிணற்றில் விட்டுவிடுவேன். ஜாதி நாய் வளர்க்கிறவர்கள் செய்வதுதான். கோபத்தில் செய்ததில்லை.

மேல்சித்தாமூர் தர்மதாஸ் களத்துக் காவலுக்கு ஒரு குட்டி வாங்கிப்போனார். கொஞ்ச நாளில் திருப்பிக் கொண்டுவந்தார்.

"கோவிந்தராஜு, இது செவுட்டு நாயிப்பா. திருடன் வந்து தலமாட்டுல நின்னாலும் தூங்குது."

கடையில் ஆட்கள் இருந்தார்கள். நாயைக் கடைப் பலகைமேல் அந்தப் பக்கம் பார்த்து உட்காரவைத்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டபடியே குதிகாலால் பலகையை ஒரு மிதி மிதித்தேன். பலகை அதிர்ந்ததும் நாய் திரும்பியது.

"இன்னா தர்மதாஸு, கேக்குதா இல்லியா?"

எல்லாரும் சிரித்தார்கள். பாவம், மனுஷன் நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

மனோரமா சிரிக்கவில்லை. அவள் என் மனைவி. என் அக்காள் மகள். அப்போது வயிற்றுப்பிள்ளைக்காரி. "தெருநாயிக்கெல்லாம் நல்லா காது கேக்குது, மாமா. உள்ளுக்குள்ளயே சேத்து சேத்துதான் இதுங்க இப்படி ஆவுது. எனக்கு பயமா இருக்குது. நீங்க எங்கம்மாகூடப் பொறந்தவரு" என்றாள்.

"நாயும் மனுஷனும் ஒண்ணாடி, பைத்தியம்?" என்று அதட்டினேன். அதட்டிவிட்டேனே தவிர, எனக்கும் அன்று சோறு இறங்கவில்லை.

அரிசி ரேஷன் வந்த வருஷம் பையன் பிறந்தான். தேவநாதன் என்று பெயர் வைத்தோம். தீபாவளிக்கு வாசலில் அணுகுண்டு வெடித்தபோது தொட்டிலில் அசையாமல் தூங்கினான். மெட்ராஸ் டாக்டரிடம் போகலாம் என்று மனோரமா அழுதாள். டாக்டர் முதலில் என்ன கேட்பார்? நீங்கள் இரண்டு பேரும் சொந்தமா என்று கேட்பார். என் தங்கைக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த நேரம். செவிட்டு வம்சம் என்று ஒரு பேச்சு கிளம்பினால் எவன் வருவான்? பயந்துபோனேன், ஐயா. ராத்திரி பகல் அதே பயம்.

சொந்தக்காரர்கள் வந்தால் பையனைப் பலகையில் உட்காரவைப்பேன். கூப்பிடுவேன், மிதிப்பேன். திரும்பிச் சிரிப்பான். "பேச்சு கொஞ்சம் லேட்டா வரும்" என்று அவர்களே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். மூன்று வயதுவரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நேற்று திண்டிவனம் பஸ் வந்தபோது அவன் ரோட்டு நடுவில் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தான். டிரைவர் பச்சமுத்து தூரத்திலிருந்தே ஹாரன் அடித்தார். பிள்ளை விலகிவிடும் என்று நம்பி வந்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நம்புவார்கள். அவரை லாக்கப்பிலிருந்து விட்டுவிடுங்கள்.

நான் கடைப் படியில் நின்றிருந்தேன். எட்டிப் பிடிக்கிற தூரம்தான். ஆனால் பக்கத்தில் தர்மதாஸ் நின்றார், இன்னும் வரன் அமையாத தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் நின்றார்கள். அவ்வளவு பெரிய ஹாரனுக்கும் அசையாத பிள்ளையைத் தகப்பன் பாய்ந்து தூக்கினால், ஏன் என்று பார்த்தவர்களுக்குப் புரியாதா? அதனால் நின்ற இடத்திலேயே நின்று கூப்பிட்டேன். முதலில் சாதாரணமாக, அப்புறம் சத்தமாக.

நான்தான் கொன்றேன் என்று மனோரமா சொல்கிறாளாம். பெற்ற வயிறு, அப்படித்தான் பேசும். நான் கூப்பிட்டது கடைத்தெரு முழுக்கத் தெரியும், ஐயா, யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள். அவன்தான் திரும்பவில்லை. சின்னதிலிருந்தே கொஞ்சம் பிடிவாதக்காரப் பிள்ளை.