செவுத்தப் பாத்துத் திரும்பின கேமரா

இல்லக்கா, உள்ள வரல. வாசல்லயே நின்னு சொல்லிட்டுப் போயிடுறேன். ஆமா, உங்க தங்கச்சி வேலை பாத்த வீட்டுக்காரிதான். வேலைக்குத் திரும்பக் கூப்பிட வரல, பயப்படாதீங்க. ஏன் நின்னுட்டான்னு உங்ககிட்ட சொல்லவே இல்லையா? அது அவ குணம்.

வீட்டுக்காரின்னதும் பெரிய எடம்னு நெனைக்காதீங்க. நானே இன்னொரு வீட்டுல வேலைக்காரிதான். அந்தம்மா வெள்ளைக்காரி. உங்க ஜனம் நல்லா ஒழைக்கும், ஆனா ஒரு கண்ணு வெச்சிருக்கணும்னு என் மூஞ்சிக்கு நேராவே சொல்லும். அடுப்புக்கு மேலயே கேமரா. பத்து வருசமா அதுக்குக் கீழதான் நிக்கிறேன்.

என் புருசன் கட்டட வேலையில சாரத்துல இருந்து விழுந்து படுத்த படுக்கையாயிட்டாரு. தம்பிங்க ரெண்டு பேரு, அண்ணன்னா உசுரு. ஆனா கழுவி விடுறது பொம்பள வேலையாம், மூக்கப் பொத்திட்டு ஓடிட்டானுங்க. ஏஜென்சில கேட்டேன். கறுப்புப் பொம்பளைன்னா பலமாத் தூக்குவா, கூலியும் கொறச்சல்னாங்க. சரின்னேன். உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லவே கூசுதுக்கா.

எங்க ஜனத்து வீடுகள்லயே வேலை பாத்துப் பழகினதால, உங்கள மாதிரியே அவளும் எங்க பாஷைய எங்கள விட நல்லாப் பேசுவா. அவரச் சிரிக்க வேற வெச்சா. இருந்தும் நான் ஒரு கேமரா வாங்கி அவரு கட்டிலுக்கு நேரா மாட்டினேன்.

முந்தாநேத்து போன்ல பாத்தா வெறும் செவுரு. அரை மணி நேரமா செவுரு. எதையோ எடுக்குறாடான்னு தலைக்கு ஏறிடுச்சு. வேலைய அப்படியே போட்டுட்டு ஓடினேன். பையக் கொட்டுடின்னேன். கொட்டினா. ஒரு சீப்பு, பஸ் பாஸு, மாத்துத் துணி. அதோட விட்டிருக்கலாம். மேல்துணிய அவுத்து உதறிக் காட்டுன்னேன். நாளைக்கு ஒரு சாட்சி வேணும்னு கேமராவ வேற அவ பக்கம் திருப்பி வெச்சேன்.

அவ அவுத்து உதறிட்டு, மறுபடி மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டா. போனதுக்கு அப்புறம் அவருதான் அழுதாரு. கழுவி விடுறப்பல்லாம் என் அம்மணத்த மறைக்கத்தாண்டி அவ அதத் திருப்பி வெப்பான்னு.

இல்லக்கா, மன்னிப்பு கேட்டா ஆச்சுன்னு வரல. என் போன்ல இருந்தத அழிச்சிட்டேன். ஆனா அந்தக் கேமரா என் கொழுந்தனுங்க ரெண்டு பேரு போன்லயும் ஓடும். அது அவளுக்குத் தெரியாது, தெரியணும்ல.

எனக்கா? அவ பக்கம் திருப்பி வெக்கிறப்பவே தெரியும்க்கா.